எச்.ஐ.வி. நம் வீட்டுக்குள் எப்படி வருகிறது? எப்படித் தடுப்பது?

2018 டிசம்பர் கடைசி வாரத்தில் தமிழகப் பத்திரிகைகளில் முதல் பக்கத்தில் வந்த ஒரு செய்தி நம்மில் பலருக்கு நினைவிருக்கும். நம் தென்காசிக்கு வடக்கே, பக்கத்து மாவட்டமான விருதுநகரில், சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு ரத்த சோகை என்று சொல்லி டிசம்பர் 3ஆம் தேதி ரத்தம் ஏற்றினார்கள். சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து வந்த ரத்தம் அது. அதில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது.

ரத்தம் கொடுத்தவர் இருபது வயதைக்கூட எட்டாத ஓர் இளைஞர். வெளிநாட்டு வேலைக்காக மெடிக்கல் எடுத்தபோதுதான் தனக்குத் தொற்று இருப்பது அவருக்கே தெரிந்தது. தெரிந்த உடனே அவர் செய்த வேலை, ரத்த வங்கிக்குத் தகவல் சொன்னதுதான். அதற்குள் ரத்தம் ஏற்றி முடிந்திருந்தது. 2016லேயே அவர் ஒரு முறை ரத்தம் கொடுத்திருந்தார் என்பதும், அப்போதே தொற்று கண்டறியப்பட்டும் அந்தத் தகவல் அவருக்குப் போய்ச் சேரவில்லை என்பதும் பின்னர் வெளியே வந்தது. செய்தி ஊரெல்லாம் பரவியது. அவமானம் தாங்காத அந்த இளைஞர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, டிசம்பர் 30 அன்று மதுரையில் சிகிச்சையில் இருந்தபோது இறந்தார்.

அந்தப் பெண்ணுக்கு 2019 ஜனவரி 17 அன்று மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் பெண் குழந்தை பிறந்தது. தாய்க்குக் கர்ப்பத்திலேயே மருந்து தொடங்கியிருந்தார்கள், குழந்தைக்கும் பிறந்த உடனே மருந்து கொடுத்தார்கள். குழந்தைக்குத் தொற்று இல்லை என்று பின்னர் வந்த பரிசோதனையில் தெரிந்தது. ரத்த வங்கிப் பணியாளர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. தாய்க்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது.

இந்தச் சம்பவத்தை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. எச்.ஐ.வி. என்றதும் நம் வீடுகளில் பேச்சு ஒரே வரியில் முடிந்துவிடும்: "அது கெட்ட நடத்தை உள்ளவர்களுக்கு வருகிற நோய், நமக்கு என்ன?" சாத்தூர்ப் பெண் என்ன கெட்ட நடத்தை செய்தார்? ரத்தம் கொடுத்த இளைஞருக்கு எப்படித் தொற்றியது என்று நமக்குத் தெரியாது, அது நமக்கு வேண்டாத விஷயமும் கூட. ஆனால் தெரிந்த பிறகு அவர் காட்டிய அமானிதத்தை நாம் கவனிக்க வேண்டும். அவரைக் கொன்றது கிருமி அல்ல, ஊர் என்ன சொல்லும் என்ற பயம். மருந்து கிடைத்த குழந்தை பிழைத்தது. தொற்றுடன் வாழ்வதற்கு வழி இருந்தும், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் முன்பே இளைஞர் போய்விட்டார்.

எச்.ஐ.வி. வேறு, எய்ட்ஸ் வேறு

எச்.ஐ.வி. என்பது கிருமியின் பெயர். நம் உடலில் நோய்களை எதிர்த்துப் போராடும் வெள்ளை அணுக்களில் சி.டி.4 என்று ஒரு வகை உண்டு. இந்தக் கிருமி அவற்றுக்குள் புகுந்து, அங்கேயே பெருகி, அவற்றை அழிக்கிறது. ஆரோக்கியமானவருக்கு ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 500க்கு மேல் இருக்க வேண்டிய சி.டி.4 அணுக்கள் 200க்குக் கீழே போனாலோ, காசநோய் போன்ற சில குறிப்பிட்ட நோய்கள் வந்து ஒட்டிக்கொண்டாலோ அந்த முற்றிய நிலைக்கு எய்ட்ஸ் என்று பெயர். மருந்தே எடுக்காதவருக்கு இந்த நிலை வர சராசரியாக 8 முதல் 10 ஆண்டுகள் ஆகும்.

விபரீதமே இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. தொற்றிய இரண்டு, நான்கு வாரங்களில் சிலருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, உடலில் தடிப்பு வந்து தானாகவே போய்விடும். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் ஒரு அறிகுறியும் இருக்காது. ஆள் நன்றாக இருப்பார், வேலைக்குப் போவார், நிக்காஹ் செய்வார், பிள்ளை பெறுவார். முகத்தைப் பார்த்தோ, உடம்பைப் பார்த்தோ, குடும்பத்தைப் பார்த்தோ கண்டுபிடிக்க வழியே இல்லை. ரத்தப் பரிசோதனை ஒன்றுதான் வழி.

இந்தியாவில் இந்தக் கிருமி முதலில் கண்டறியப்பட்டதே நம் தமிழ்நாட்டில்தான். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும், சென்னையில் சில பெண்களிடமிருந்து எடுத்த ரத்தத்தை வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்தார்கள். அதுவரை "இது மேலை நாட்டு நோய், நம் கலாச்சாரத்துக்குள் வராது" என்றே எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். இன்று தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் 2023 மதிப்பீட்டின்படி இந்தியாவில் சுமார் 25 லட்சம் பேர் இந்தத் தொற்றுடன் வாழ்கிறார்கள். வயது வந்தவர்களில் ஆயிரத்துக்கு இரண்டு பேர் என்ற கணக்கு. பெரிய மஹல்லா எதையும் இந்தக் கணக்கு தாண்டிப் போகாது.

எப்படிப் பரவும், எப்படிப் பரவாது

கிருமி இருப்பது ரத்தம், விந்து, பெண்ணுறுப்புத் திரவம், ஆசனவாய்த் திரவம், தாய்ப்பால் ஆகியவற்றில். எனவே பரவும் வழிகளும் எண்ணிச் சொல்லக்கூடியவைதான். தொற்று உள்ளவருடன் பாதுகாப்பில்லாத உடலுறவு, தொற்று உள்ள ரத்தம் ஏற்றப்படுவது, அவர் பயன்படுத்திய ஊசி, பிளேடு போன்றவை இன்னொருவர் உடலைக் கிழிப்பது, தாயிடமிருந்து குழந்தைக்குக் கர்ப்பத்திலோ பிரசவத்திலோ பாலூட்டும்போதோ செல்வது. உலக அளவில் மிகப் பெரும்பாலான தொற்று முதல் வழியில்தான் வருகிறது. ரத்தம் ஏற்றுவதால் வருவது இன்று மிகக் குறைவு. ஆனால் தொற்றுள்ள ரத்தம் உள்ளே போய்விட்டால் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் தொற்றிவிடும் என்பதால் அங்கே கவனம் கடுமையாக இருக்க வேண்டியிருக்கிறது.

இனி, எதனால் பரவாது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். காரணம், நம் வீடுகளில் தேவையில்லாத பயம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. முஸாபஹா செய்வதால் பரவாது. பெருநாள் தொழுகை முடிந்து கட்டித் தழுவுவதால் பரவாது. ஒரே சஹனில் கை வைத்துச் சாப்பிடுவதாலோ, நோன்புக் கஞ்சிக் கோப்பையைப் பகிர்வதாலோ, பள்ளிவாசல் ஹவுளில் ஒளு செய்வதாலோ, ஒரே பாயில் தொழுவதாலோ பரவாது. சீசன் நேரத்தில் குற்றால அருவியில் ஆயிரம் பேருடன் நின்று குளித்தாலும் பரவாது. எச்சில், வியர்வை, கண்ணீர், தும்மல், இருமல், கழிவறை எதனாலும் பரவாது.

கொசு கடித்தால் வரும் என்று இன்றும் நம்புகிறவர்கள் உண்டு. கொசு ஒருவரைக் கடிக்கும்போது தன் எச்சிலைத்தான் உள்ளே விடுகிறது, முன்னால் உறிஞ்சியவரின் ரத்தத்தை அல்ல. மலேரியாக் கிருமி போல எச்.ஐ.வி. கொசுவின் வயிற்றில் வளர்வதும் இல்லை, அங்கே அழிந்துவிடுகிறது.

ஆகவே தொற்று உள்ள ஒரு சகோதரரையோ சகோதரியையோ தனித் தட்டு, தனி டம்ளர், தனி அறை என்று ஒதுக்கி வைப்பதால் வீட்டில் யாருக்கும் ஒரு பாதுகாப்பும் கூடுவதில்லை. அவர் மனம் உடைவது ஒன்றுதான் மிச்சம்.

ஹலாலான நிக்காஹ் மட்டும் போதுமா?

விபச்சாரத்தையும் போதையையும் மார்க்கம் ஹராமாக்கியிருக்கிறது. இந்த நோயைத் தடுப்பதில் அதைவிடப் பெரிய வேலி இல்லை. இதில் நமக்கு இரண்டாவது கருத்துக் கிடையாது. ஆனால் அந்த வேலி கணவன், மனைவி இருவரும் அதற்குள் நிற்கும்போதுதான் வேலை செய்யும். கணவன் தவறி எங்கோ போய்த் தொற்றிக்கொண்டு வந்தால், வீட்டில் ஹலாலாக மட்டுமே வாழ்ந்த மனைவிக்கு அவளுடைய பேணுதல் கேடயம் ஆகாது. இந்தியாவில் தொற்றுள்ள பெண்களில் பெரும்பாலோர் தம் கணவரைத் தவிர வேறொருவரை அறியாதவர்கள். கசப்பாக இருந்தாலும் நம் வீடுகளில் பேசப்பட வேண்டிய விஷயம் இது.

மேலகரம், தென்காசி, கடையநல்லூர், வடகரை என்று நம் பக்கத்து ஊர்களில் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத தெரு குறைவு. வளைகுடா விசாவுக்கான மெடிக்கலில் எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயம். தொற்று இருந்தால் 'அன்ஃபிட்'. அங்கே வேலையில் இருக்கும்போது இகாமா புதுப்பிக்கும் நேரத்தில் தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். இப்படித் திரும்பி வருகிறவர் வீட்டில் என்ன சொல்வார்? "கம்பெனியில் ஆட்குறைப்பு", "கஃபீல் சரியில்லை". மனைவிக்கு உண்மை தெரியாது. அவர் மருந்தும் எடுக்க மாட்டார், ஏனென்றால் மாத்திரை டப்பா வீட்டில் இருந்தால் கேள்வி வரும். ஓராண்டில் மனைவி கர்ப்பமாகி, மகப்பேறு பரிசோதனையில்தான் அந்த வீட்டுக்கு விஷயம் தெரியவரும். சில இடங்களில் அப்போதும் பழி மருமகள் மேல் விழுகிறது. முதலில் பரிசோதனையில் தெரிந்தது அவளுக்கு என்பதால், கொண்டுவந்தவளும் அவளே என்று மாமியார் வீட்டில் முடிவு செய்துவிடுகிறார்கள். முதலில் தெரிவது வேறு, முதலில் தொற்றுவது வேறு.

'அன்ஃபிட்' என்று வந்தவர்களுக்கு நாம் சொல்வது இதுதான். ஒரே ஒரு மெடிக்கல் முடிவை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். வேறு காரணத்துக்காகவும் அன்ஃபிட் வரலாம், மஞ்சள் காமாலைக் கிருமியாகவும் இருக்கலாம், பழைய காசநோய்த் தழும்பாகவும் இருக்கலாம். நேராக அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்துக்குப் போங்கள். அங்கே வெவ்வேறு வகையான மூன்று பரிசோதனைகளிலும் உறுதியான பிறகுதான் தொற்று உண்டு என்று சொல்வார்கள். உறுதியானால் அன்றே மருந்தைத் தொடங்குவதும், மனைவியிடம் சொல்லி அவரையும் பரிசோதிப்பதும்தான் அடுத்த வேலை. தனியாகச் சொல்லத் தைரியம் இல்லையென்றால் நம்பிக்கை மைய ஆலோசகர் இருவரையும் உட்கார வைத்துப் பேசுவார்.

கணவன் மனைவியில் ஒருவருக்கு மட்டும் தொற்று என்றால் மண வாழ்க்கை முடிந்தது என்று நினைக்கத் தேவையில்லை. இருவரும் விரும்பினால் சேர்ந்தே வாழலாம். தொற்றுள்ளவர் தினமும் மருந்து எடுக்க வேண்டும், கிருமியின் அளவு அடங்கும் வரை ஆணுறை பயன்படுத்த வேண்டும். 9 நாடுகளில், இத்தகைய 1,763 தம்பதிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அதில் சென்னையும் புனேயும் இடம்பெற்றிருந்தன. தொற்றுள்ளவருக்குச் சீக்கிரமே மருந்து தொடங்கினால் துணைக்குப் பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011இல் அதன் முடிவு வந்தது. அதன் பின் வந்த ஆய்வுகள் இன்னும் தெளிவாகச் சொல்லிவிட்டன: ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் அது துணைக்குப் பரவுவதில்லை. அப்படிப்பட்ட தம்பதிகள் மருத்துவர் ஆலோசனையுடன் தொற்றில்லாத பிள்ளைகளைப் பெற்று வளர்க்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

நிக்காஹுக்கு முன் பரிசோதனை

மணமக்கள் இருவரும் திருமணத்துக்கு முன் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது என்பதே நம் கருத்து. மாப்பிள்ளைக்கு மட்டுமோ பெண்ணுக்கு மட்டுமோ அல்ல, இருவருக்கும். ஜாதகம் பார்க்காத சமுதாயம் நாம். சம்பளமும் வீடும் விசாரிக்கிற அளவுக்கு ஆரோக்கியத்தையும் விசாரித்தால் குறை ஒன்றும் இல்லை.

ஆனால் சான்றிதழ் கொண்டுவந்து ஜமாஅத் அலுவலகத்தில் கொடுத்தால்தான் நிக்காஹ் தஃப்தரில் எழுதுவோம் என்று சிலர் சொல்லும் யோசனையில் நமக்கு உடன்பாடு இல்லை. இரண்டு காரணங்கள். முதலாவது, எச்.ஐ.வி. தொற்றிய உடனே பரிசோதனையில் தெரியாது. பரிசோதனையின் வகையைப் பொறுத்துச் சில வாரங்கள் முதல் மூன்று மாதம் வரை ஆகும். இதைச் சாளரக் காலம் என்கிறார்கள். அந்தக் காலத்தில் எடுத்த சான்றிதழில் 'இல்லை' என்று இருக்கும், கிருமியோ உள்ளே இருக்கும். காகிதத்தை நம்பி எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். இரண்டாவது, ஒரு இளைஞருடைய, ஒரு பெண் பிள்ளையுடைய முடிவு ஐந்து பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் மேசை மேல் கிடந்தால் அது மறுநாள் டீக்கடையில் இருக்கும். 2017இல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், சம்மதம் பெறாமல் பரிசோதிப்பதையும் ஒருவருடைய நிலையை வெளியிடுவதையும் தடை செய்கிறது. தொற்றைக் காரணம் காட்டி வேலை, பள்ளி, வாடகை வீடு, சிகிச்சை ஆகியவற்றை மறுப்பதையும் அது தடை செய்கிறது. அதே சட்டம், தனக்குத் தொற்று இருப்பதை அறிந்தவர் அது பிறருக்குப் பரவாமல் தடுக்க வேண்டிய முன்னெச்சரிக்கைகளை எடுக்கக் கடமைப்பட்டவர் என்றும் சொல்கிறது. மறைத்து நிக்காஹ் செய்வது சட்டப்படியும் தவறு, மார்க்கப்படி மோசடி.

ஆகவே ஜமாஅத் செய்ய வேண்டியது நிக்காஹ் பேசி முடிக்கும்போதே "இருவரும் பரிசோதித்துக்கொள்ளுங்கள், முடிவை நீங்கள் இருவர் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று எடுத்துச் சொல்வது. அதற்கு மேல் ஜமாஅத்துக்கு அந்தக் காகிதம் தேவையில்லை.

சுன்னத், ஹிஜாமா, சவரம்

"நாம் சுன்னத் செய்தவர்கள், நமக்கு வராது" என்ற பேச்சும் உண்டு. இதில் பாதி உண்மை இருப்பதால்தான் இது ஆபத்தானது. கத்னா செய்த ஆண்களுக்கு, பெண்ணிடமிருந்து தொற்றும் வாய்ப்பு சுமார் 60 சதவீதம் குறைகிறது என்று ஆப்பிரிக்காவில் நடந்த ஆய்வுகளில் தெரிந்தது. 2007இல் உலக சுகாதார நிறுவனம் தொற்று அதிகமுள்ள நாடுகளுக்கு அதைப் பரிந்துரைத்தது. ஆனால் குறைகிறது என்றால் வராது என்று பொருள் இல்லை. அவருக்குத் தொற்றிவிட்டால், அவரிடமிருந்து மனைவிக்குப் போவதை அந்தக் கத்னா தடுப்பதும் இல்லை.

இதே சுன்னத்தை எப்படிச் செய்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். ஒரே நாளில் பல பிள்ளைகளுக்குச் செய்யும் இலவச முகாம்களில், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகக் கிருமி நீக்கிய கருவி இருக்கிறதா என்று வாப்பாமார் கேட்க வேண்டும். டெட்டாலில் முக்கித் துடைத்த கத்தி அடுத்த பிள்ளைக்குப் போதாது. பரம்பரையாகச் செய்துவரும் ஒஸ்தாவை நாம் குறை சொல்லவில்லை. கருவிகளை ஆட்டோகிளேவில் வைத்து எடுக்கும் வசதி மருத்துவமனையில் இருக்கிறது, அங்கே செய்துகொள்வது நல்லது.

ஹிஜாமா இப்போது நம் ஊர்களில் பரவலாகிவிட்டது. சுன்னத்தான வைத்தியம் என்பதால் யாரும் கேள்வி கேட்பதில்லை. தோலைக் கீறி ரத்தம் எடுக்கிற வேலை அது. பிளேடு ஒருவருக்கு ஒன்று, கப்பும் ஒருவருக்கு ஒரு செட், செய்பவர் கையில் உறை. இது மூன்றும் உங்கள் கண் முன்னால் புதிதாகப் பிரிக்கப்படவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். சலூனில் சவரம் செய்தாலும், ஹஜ்ஜில் தலைமுடி களைந்தாலும் புதிய பிளேடு கேளுங்கள். உண்மையைச் சொன்னால், சவர பிளேடால் எச்.ஐ.வி. தொற்றுவது மிக மிக அரிது, ஏனென்றால் உடலுக்கு வெளியே அந்தக் கிருமி சீக்கிரம் செயலிழந்துவிடும். ஆனால் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமி காய்ந்த ரத்தத்திலும் ஒரு வாரம் வரை உயிரோடு இருக்கும். பிளேடு விஷயத்தில் நாம் அதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். அதற்குத் தடுப்பூசி உண்டு.

போதை ஊசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வலி நிவாரண மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் தமிழகத்தில் இளைஞர்களிடம் பரவிவருவதை அன்றாடச் செய்திகளில் பார்க்கிறோம். நான்கு நண்பர்கள் ஒரே ஊசி. உடலுறவைவிட வேகமாகக் கிருமியைக் கடத்தும் வழி இது. பிள்ளையின் கையில் ஊசித் தடம் தெரிந்தால் அடித்து வீட்டை விட்டு விரட்டாமல், மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

ரத்தம் கொடுப்பதும் வாங்குவதும்

சாத்தூர்ச் சம்பவத்துக்குப் பிறகு ரத்ததானமே வேண்டாம் என்று பயந்தவர்கள் உண்டு. ரத்தம் கொடுப்பவருக்கு எச்.ஐ.வி. வர வழியே இல்லை, ஊசியும் பையும் அவருக்கென்றே புதிதாகப் பிரிக்கப்படுபவை. நம் சமுதாய அமைப்புகள் முகாம் நடத்தி ரத்தம் கொடுப்பதில் தமிழகத்தில் நல்ல பெயர் எடுத்திருக்கின்றன, அது தொடர வேண்டும். காசு வாங்கிக்கொண்டு ரத்தம் கொடுப்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 1998 ஜனவரி 1 முதல் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. எல்லா ரத்த வங்கிகளும் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி, பால்வினை நோயான சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் பரிசோதித்தே ஆக வேண்டும்.

முகாமில் கொடுக்கும் படிவத்தை நிரப்பும்போது உண்மையாக நிரப்புங்கள். தனக்குச் சந்தேகம் இருக்கிற ஒருவர் "இலவசமாகப் பரிசோதித்துவிடுவார்கள்" என்று ரத்தம் கொடுக்கப் போவது பெரிய தவறு, சாளரக் காலத்தில் இருந்தால் அது பரிசோதனையைத் தாண்டிவிடலாம். பரிசோதனைக்கு நம்பிக்கை மையம் இருக்கிறது. நண்பர்கள் கூட்டமாக வற்புறுத்தி அழைத்து, மறுக்கவும் முடியாமல் வந்தவர், கொடுத்த பிறகாவது தனியாக மருத்துவரிடம் "என் ரத்தத்தைப் பயன்படுத்த வேண்டாம்" என்று சொல்லிவிடலாம். காரணம் கேட்க மாட்டார்கள்.

தாயும் குழந்தையும்

தொற்றுள்ள தாய்க்கு மருந்து இல்லாவிட்டால் குழந்தைக்குப் போகும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். சரியாக மருந்து எடுத்தால் 5 சதவீதத்துக்கும் கீழே வந்துவிடும். இதனால்தான் கர்ப்பிணிகள் அனைவருக்கும் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். "என் மருமகளுக்கு எதற்கு அந்த டெஸ்ட்" என்று ரோஷப்படுகிற மாமியார்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது சந்தேகத்தில் எடுக்கும் பரிசோதனை இல்லை, சர்க்கரை பார்ப்பது போல எல்லோருக்கும் எடுப்பது.

பிறந்த குழந்தைக்குச் சில வாரங்கள் மருந்து கொடுத்து, ஆறாவது வாரத்தில் முதல் பரிசோதனையும் பதினெட்டாவது மாதத்தில் இறுதிப் பரிசோதனையும் செய்வார்கள். தாய் மருந்தை ஒழுங்காக எடுத்தால் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கலாம், அல்லது மருத்துவர் சொன்னால் தாய்ப்பாலே இல்லாமல் மாற்றுப் பால் மட்டும் கொடுக்கலாம். கொஞ்சம் அது கொஞ்சம் இது என்று இரண்டையும் கலந்து கொடுப்பதுதான் ஆபத்து. நம் குடும்பங்களில் இன்னொன்றும் உண்டு. தாய்க்குப் பால் சுரக்கவில்லை என்றால் சின்னம்மாவோ மாமியோ பாலூட்டி, பால்குடி உறவு ஏற்படுவது பழைய வழக்கம். அழகான வழக்கம்தான். பாலூட்டுகிறவர் பரிசோதனை செய்தவராக இருக்கட்டும், அவ்வளவுதான்.

மருந்தும் நோன்பும்

2004 ஏப்ரல் 1 முதல் இந்திய அரசு எச்.ஐ.வி. மருந்தை இலவசமாகத் தருகிறது. தொடக்கத்தில் நாடு முழுவதும் எட்டு மருத்துவமனைகளில் மட்டும் கிடைத்தது, சென்னை தாம்பரம் அரசு மருத்துவமனை அவற்றில் ஒன்று. இன்று பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையிலேயே ஏ.ஆர்.டி. மையம் இருக்கிறது. முன்பு கை நிறைய மாத்திரை. இப்போது பெரும்பாலோருக்கு மூன்று மருந்துகள் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளைக்கு ஒன்று. 2017 முதல், சி.டி.4 குறையும் வரை காத்திருக்காமல் தொற்று உறுதியான உடனே மருந்து தொடங்குகிறார்கள். இந்த மருந்து கிருமியை முற்றாக அழிக்காது, அடக்கி வைக்கும். அதனால் வாழ்நாள் முழுக்க, நன்றாக இருக்கும்போதும், எடுக்க வேண்டும். எடுத்தால் மற்றவர்களைப் போலவே முழு ஆயுள் வாழலாம், இன்ஷா அல்லாஹ்.

இடையில் நிறுத்தினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். கருஞ்சீரகத்தாலோ ஹிஜாமாவாலோ ஏதோ ஒரு மூலிகை லேகியத்தாலோ குணமாகிவிட்டது என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். எய்ட்ஸைக் குணப்படுத்துவதாகச் சொல்லி மருந்து விற்பதையே இந்திய மருந்து விதிகள் தடை செய்திருக்கின்றன. கருஞ்சீரகம் சாப்பிடலாம், மாத்திரையோடு சேர்த்து.

ரமலானில் என்ன செய்வது என்று பலர் கேட்கக் கூச்சப்பட்டு, ஒரு மாதம் மருந்தை விட்டுவிடுகிறார்கள். தேவையே இல்லை. நாளைக்கு ஒரு மாத்திரை என்பதால் மருத்துவரிடம் கேட்டு இஃப்தாருக்குப் பின் அல்லது ஸஹரில் ஒரே நேரமாக மாற்றிக்கொள்ளலாம். காசநோய் மருந்தும் சேர்த்து எடுப்பவர்களும் உடல் மிகப் பலவீனமாக உள்ளவர்களும் நோன்பு பற்றி மருத்துவரிடமும் ஆலிமிடமும் கேட்டு முடிவு செய்யட்டும். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. இரும்புச்சத்து, கால்சியம், வயிற்றுப் புண் மருந்துகள் இந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கக்கூடும் என்பதால் அவற்றை எவ்வளவு இடைவெளி விட்டு எடுப்பது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மையித்தைக் குளிப்பாட்டும் விஷயத்தில் சில ஊர்களில் தயக்கம் வந்திருக்கிறது. தொற்றோடு இறந்தவரைக் குளிப்பாட்டலாம், கஃபனிடலாம், ஜனாஸா தொழுது எல்லோரையும் போல அடக்கம் செய்யலாம். குளிப்பாட்டுகிறவர் கையுறை போட்டுக்கொண்டு, தன் கையில் காயம் இருந்தால் மூடிக்கொண்டு, ரத்தம் பட்ட துணியை பிளீச்சிங் கரைசலில் ஊற வைத்தால் போதும். எந்த மையித்தாக இருந்தாலும் இப்படிச் செய்வது நல்லது, இறந்தவருக்கு என்ன நோய் என்று நமக்கு எப்போதும் தெரிந்திருக்காது.

எங்கே போவது?

மேலகரத்துக்கும் சுற்றியுள்ள ஊர்களுக்கும் தென்காசி அரசு தலைமை மருத்துவமனையின் நம்பிக்கை மையம்தான் பக்கம். பரிசோதனை இலவசம். முதலில் ஆலோசகர் தனியாக உட்கார வைத்துப் பேசுவார், நீங்கள் சம்மதித்த பிறகே ரத்தம் எடுப்பார்கள். பெரும்பாலும் அன்றே முடிவு தெரிந்துவிடும், உங்களிடம் மட்டுமே சொல்வார்கள். சமீபத்தில்தான் ஏதாவது நடந்தது என்றால் அதையும் சொல்லுங்கள், மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொல்வார்கள். தொற்றுள்ள ஊசி குத்திவிட்டது, வன்கொடுமை நடந்துவிட்டது போன்ற அவசரமென்றால் காத்திருக்கக் கூடாது. 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் சில மணி நேரத்திலேயே, அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். 28 நாள் மருந்து எடுத்தால் தொற்றைத் தடுக்க முடியும். ஊரில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தயங்குகிறவர்கள் பாளையங்கோட்டைக்கோ வேறு எந்த ஊர் அரசு மருத்துவமனைக்கோ போகலாம், எங்கும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். பேர் சொல்லாமல் முதலில் பேசிப் பார்க்க வேண்டும் என்றால் 1097 என்ற இலவச எண்ணுக்குப் போன் செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம்.